தொழிற்சாலைகள் இடம் தேடும் விதம்



பாடாங் மேஹா போன்ற தோட்டப் பகுதிகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று பால் மரம் சீவப் போவதில்லை. தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிக் கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். அந்தத் தொழிற்சாலைகள் ஏன் இங்கே வந்தன? நாளைக்கும் இங்கேயே இருக்குமா? நம் குடும்பங்களின் வருமானம் இந்தக் கேள்விகளைச் சார்ந்திருப்பதால், இவற்றைப் பற்றிச் சற்று விளக்கமாகக் காண்போம்.

முதலில் நமக்குத் தெரிந்த ரப்பரிலிருந்தே தொடங்குவோம். மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர்; மற்றது பெரும்பாலும் தண்ணீர். அதைத் தொலைதூரம் ஏற்றிச் செல்வது தண்ணீருக்குக் கூலி கொடுப்பதாகும். எனவே, பாலைக் கொண்டு செய்யும் கையுறைத் தொழில் மரம் இருக்கும் நம் நாட்டிலேயே வேரூன்றியது. உலர்ந்த ரப்பரோ கெடாமல் கப்பலில் போகும். ஆகவே, டயர் செய்யும் ஆலைகள் மோட்டார் வண்டிகள் விற்கும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுந்தன. மூலப்பொருளுக்கு அருகில் இருப்பதா, வாங்குபவருக்கு அருகில் இருப்பதா என்பதே முதலாளி போடும் முதல் கணக்கு.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது சுங்க வரி. ஒவ்வொரு நாடும் எல்லையில் உயர்ந்த வரி விதித்தால், வெளிநாட்டுக் கம்பெனி அந்த நாட்டுக்குள்ளேயே ஓர் ஆலையைக் கட்டி வரியிலிருந்து தப்பிக்கும். நாட்டுக்கு ஓர் ஆலை, ஒவ்வொன்றும் சிறியது என்ற நிலை ஏற்படும். பல நாடுகள் ஒன்றுகூடித் தங்களுக்குள் வரியைக் குறைத்து, சரக்கும் முதலீடும் தடையின்றிப் போய்வர வழிசெய்தால், அதைப் பொருளாதார ஒருங்கிணைப்பு என்கிறோம். அப்போது நாட்டுக்கு ஓர் ஆலை தேவையில்லை. பொருத்தமான ஓரிடத்தில் பெரிய ஆலையைக் கட்டி, எல்லா நாடுகளுக்கும் சரக்கை அனுப்பலாம்.

ஒரு பொருளின் வேலையைப் பல நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியும். 100 வெள்ளி பெறுமானமுள்ள ஓர் உறுப்பு நான்கு எல்லைகளைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எல்லையிலும் பத்து விழுக்காடு வரி என்றால், வேறு எந்தச் செலவும் சேராமலேயே அதன் விலை 146 வெள்ளி 41 காசாகிவிடும். வரி இல்லையென்றால் அது 100 வெள்ளியாகவே இருக்கும். மின்னணு உறுப்புகள் ஒரு நாட்டில் வடிவமைக்கப்பட்டு, மற்றொன்றில் உருவாகி, இன்னொன்றில் பொருத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

நம் வட்டாரத்தின் வரலாற்றைப் பாருங்கள். பினாங்கு தன் சுங்க வரியற்ற துறைமுகத் தகுதியை 1969-இல் முற்றாக இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த வேளையில், 1972-இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தது. மூலப்பொருளை வரியின்றிக் கொண்டுவந்து, செய்த பொருளை வரியின்றி அனுப்பலாம் என்பதே அதன் ஏற்பாடு. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அவ்வாண்டு அங்கேதான் அமைத்தது. 1985-இல் பினாங்குப் பாலமும், 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டன. விமான நிலையமும் துறைமுகமும் கெடாவுக்கு நெருங்கி வந்ததுபோல் ஆயிற்று. 1996-இல் திறப்பு விழாக் கண்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா, அவ்வகையில் மலேசியாவின் முதலாவதாகும்.

இதற்கிடையில், 1992-இல் ஆசியான் நாடுகள் தடையற்ற வர்த்தக வட்டார ஒப்பந்தம் செய்துகொண்டன. 2010-க்குள் மலேசியா உள்ளிட்ட ஆறு பழைய உறுப்பு நாடுகள் தங்களுக்கிடையே பெரும்பாலான பொருள்களுக்கு வரியை நீக்கிவிட்டன. இச்சலுகை பெறப் பொதுவாகப் பொருளின் மதிப்பில் 40 விழுக்காடாவது ஆசியானுக்குள் உருவாகியிருக்க வேண்டும். அதனால் அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு விற்க விரும்பும் அந்நியக் கம்பெனி, இந்த வட்டாரத்துக்குள்ளேயே ஆலை வைப்பது இலாபமென்று காண்கிறது. கூலிமில் பொருத்தப்பட்ட மாஸ்டா கார்கள் அண்டை நாடுகளுக்கும் போயிருக்கின்றன. ஜெர்மனியின் இன்ஃபினியன் நிறுவனம் 2006-இல் கூலிமில் ஆலை திறந்தது. 2024-இல் அதை மேலும் விரிவாக்கியது.

நேயர்களே, திறந்த கதவு இரு பக்கமும் திறந்ததுதான். 1995-இல் வியட்நாம் ஆசியானில் சேர்ந்தது. 2010-இல் அதே இண்டெல் நிறுவனம் ஹோ சி மின் நகரில் ஒரு பெரிய ஆலையைத் திறந்தது. மலிவான கூலி ஒன்றையே நம்பி வந்த வேலை, அதைவிட மலிவான கூலி கிடைக்கும் இடத்துக்குப் போய்விடும். இந்த ஒப்பந்தங்கள் சரக்குக்கும் முதலீட்டுக்கும் வழிவிடுகின்றனவே தவிர, சாதாரணத் தொழிலாளி எல்லை கடந்து வேலை தேட வழிவிடுவதில்லை. பொறியியல், தாதிமை போன்ற எட்டுத் தொழில்துறைகளின் தகுதிகளை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ள மட்டும் உடன்பாடு உண்டு. ஆலை நினைத்த இடத்துக்குப் போகலாம். நம் குடும்பம் அதன் பின்னால் போக முடியாது.

எந்த வேலை எளிதில் நகராது? இயந்திரத்தைப் பராமரிக்கும் வேலை, பழுது கண்டுபிடிக்கும் வேலை, தரம் சோதிக்கும் வேலை ஆகியவை நகர்வது கடினம். அத்தகைய கைத்திறனும் அறிவும் உள்ளவர்களை ஓரிடத்தில் திரட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். இண்டெல் வியட்நாமுக்குச் சென்ற பின்னும் பினாங்கை விட்டுவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, பெற்றோர்களே, ஐந்தாம் படிவம் முடித்ததும் இயக்குநர் வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிடலாம் என்று எண்ணும்போது, இரண்டு மூன்று ஆண்டு தொழில்நுட்பப் படிப்பையும் சீர்தூக்கிப் பாருங்கள். கூலிம் பூங்காவிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பொலிடெக்னிக் இருக்கிறது. ஆலையை அடையும் அதே சாலை அங்கேயும் நம்மைக் கொண்டு சேர்க்கும்.

புதிய ஆலையில் பிள்ளைக்கு வேலை என்று யாராவது வந்து சொன்னால், சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். அதன் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? செய்த பொருள் எங்கே போகிறது? நம் பிள்ளை அங்கே என்ன தொழிலைக் கற்றுக்கொள்வான், அல்லது கற்றுக்கொள்வாள்? முதல் இரண்டுக்கும் கிடைக்கும் விடையிலிருந்து அந்த ஆலை எவ்வளவு காலம் இங்கே நிற்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஆலை போன பிறகும் பிள்ளையிடம் எது மிஞ்சும் என்பதை மூன்றாவது கேள்வியின் விடை சொல்லும்.