பன்முக வயதுவந்தோர் கற்றலும் நினைவில் இருத்தலும்: விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பட்டாசுத் தொழிலாளர்க்கு வழங்கப்படும் பாதுகாப்புப் பயிற்சி, வயதாலும் கல்வியாலும் அனுபவத்தாலும் வேறுபட்டோர் ஓரிடத்தில் அமர்ந்து கற்கும் வயதுவந்தோர் கல்வியாகும். இங்குக் கற்றது மறந்துபோனால் அதன் விளைவு உயிரிழப்பாகவும் அமையலாம். இடைவெளிப் பயிற்சி, நினைவுகூரல், பொருள்வழிக் கற்பித்தல், காரண விளக்கம் ஆகிய நான்கு உத்திகள் இப்பயிற்சிக்குப் பொருந்துமாற்றையும் அவற்றின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: வயதுவந்தோர் கல்வி, நினைவாற்றல், பட்டாசுத் தொழில், பாதுகாப்புப் பயிற்சி, அச்சங்குளம்.

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலையொன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 20 பேர் வரையிலோ அதற்கு மேலோ உயிரிழந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு முன், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தும் பேரிழப்பை ஏற்படுத்தியது. இத்தகைய விபத்துகளை அடுத்து எழும் கோரிக்கைகளுள் ஒன்று, தொழிலாளர்க்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதாகும். ஆயின் பயிற்சியில் கற்றது எத்தனை நாள் நினைவில் நிற்கிறது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ், வகுப்பில் இருந்தமைக்குச் சான்றாகுமேயன்றி, நினைவில் இருத்தியமைக்குச் சான்றாகாது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

கற்போரின் பன்முகத் தன்மை

பாதுகாப்புப் பயிற்சிக்கு வருவோர் ஒரே தரத்தினர் அல்லர். பல ஆண்டுகளாக மருந்துக் கலவை செய்துவரும் ஆண்கள், திரி வைத்தலும் சரம் பின்னுதலும் செய்யும் பெண்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் வேளாண்மையை விட்டு வந்தோர், பள்ளிக்கல்வி முடித்த இளைஞர், பலரது பணியை மேற்பார்வையிடும் போர்மேன்கள் என இவர்கள் வேறுபடுவர். எழுதப் படிக்கத் தெரியாத மூத்த பெண்ணும் மேல்நிலைக் கல்வி முடித்த இளையவரும் ஒரே விரிவுரையைக் கேட்கும்போது இருவர்க்கும் அது ஒரே பாடமாக அமைவதில்லை.

வயதுவந்தோர் தம் அனுபவத்தோடு வகுப்புக்கு வருகின்றனர் என்பது மால்கம் நோல்ஸ் வலியுறுத்திய கருத்து. அவ்வனுபவம் கற்றலுக்குத் துணையாவது போலவே தடையாகவும் அமையும். பல ஆண்டுகள் ஒரு முறையில் கலவை செய்து விபத்தின்றிப் பழகிய கைக்கு, அம்முறை தவறு எனக் கூறும் விதி எளிதில் ஒட்டுவதில்லை. எனவே புதியவர்க்குக் கற்பித்தல் வேறு. பழகியவரின் பழக்கத்தை மாற்றுதல் வேறு.

மறதியின் இயல்பு

எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு, கற்றது தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் மறக்கப்படுவதைக் காட்டியது. அவர் கையாண்டவை பொருளற்ற அசைகள். பொருளுள்ள செய்தி அவ்வளவு விரைவாக மறைவதில்லை. எனினும் ஒருநாள் முழுவதும் தொடர்ந்து கூறப்படும் விதிகளின் பட்டியல், காரணம் விளங்காத கேட்போர்க்குப் பொருளற்ற அசைகளுக்கு அருகிலேயே நிற்கிறது.

நினைவில் இருத்தும் உத்திகள்

*1. இடைவெளிப் பயிற்சி:* பேட்லி, லாங்மன் ஆகியோர் 1978இல் பிரித்தானிய அஞ்சல் ஊழியர்க்கு விசைப்பலகைப் பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் மட்டும் பயின்ற குழுவினர், நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் பயின்றோரைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் திறன் பெற்றனர். ஆயினும் தம் பயிற்சி முறையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டவர்களும் அவர்களே. இம்முடிவு பயிற்சியாளர்க்கு ஓர் எச்சரிக்கை: பயிற்சி முடிவில் பெறப்படும் கருத்துப் படிவத்தைக் கொண்டு பயிற்சியின் பயனை அளவிட இயலாது. ஒருநாள் விரிவுரையைச் சிறு கூறுகளாகப் பகுத்து, பணி தொடங்குமுன் பத்து நிமிடம் வீதம் வழங்குவது பயன்தரும். தீபாவளிக்குப் பின் மூடப்பட்ட ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கும் நாள்கள் மீள்பயிற்சிக்கு உரிய காலமாகும்.

*2. நினைவுகூரல்:* ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் கல்லூரி மாணவரிடம் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தோர் ஐந்து நிமிடத்திற்குப் பின் நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின்னரோ, மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோர் 56 விழுக்காடும் மீண்டும் படித்தோர் 42 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். இவ்வுத்திக்கு எழுத்தறிவு கட்டாயமன்று. ‘மாலையில் கலவை மிஞ்சினால் என்ன செய்வீர்கள்?’ என வினவி வாய்மொழியாகவோ செய்துகாட்டியோ விடை பெறலாம். விடையைப் பயிற்சியாளர் முந்திக்கொண்டு கூறாதிருத்தல் வேண்டும். தவறான விடையை அப்போதே திருத்துதலும் வேண்டும்.

*3. பொருள்வழிக் கற்பித்தல்:* எழுத்தறிவற்றோர்க்குப் படங்கள் தாமே விளங்கும் என்பது பரவலான நம்பிக்கை. போர்ச்சுகலில் ரைஸ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. உண்மைப் பொருள்களைப் பெயரிடுவதில் கற்றோர்க்கு இணையாக நின்ற பள்ளி செல்லாதோர், கோட்டுப் படங்களைப் பெயரிடுவதில் பின்தங்கினர். படத்தைப் படிப்பதும் பள்ளி தரும் பயிற்சியே. ஆகவே சுவரொட்டியை மட்டும் நம்பாது, இரும்புக் கருவியையும் பித்தளைக் கருவியையும் கையில் கொடுத்து வேறுபாட்டை உணர்த்த வேண்டும். காடன், பேட்லி ஆகியோர் 1975இல் நீரில் மூழ்குவோரிடம் செய்த ஆய்வு, கற்ற சூழலிலேயே நினைவுகூர்தல் எளிது எனக் காட்டியது. அரங்கில் கேட்ட விதியைவிடத் தன் அறையின் வாயிலில் செய்து பழகிய விதி உரிய நேரத்தில் நினைவுக்கு வரும் வாய்ப்பு மிகுதி.

*4. காரண விளக்கம்:* ‘கலவையை இரவில் வைக்காதே’ என்பது கட்டளை. ஏன் என அறிந்தால் அது அறிவாகும். ஈரம் பட்ட அலுமினியத்தூள் வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். வெப்பம் வெளியேறாது குவிந்தால் கலவை தானே தீப்பற்றக்கூடும். இதனை வேதியியல் சமன்பாட்டால் விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது நீர் கொதிப்பதைக் கண்டிராத சிற்றூர் முதியவர் அரியர். அவ்வாறே, உலர்ந்த நாளில் செயற்கை இழைச் சேலையை உதறுகையில் எழும் சிறு பொறியை நினைவூட்டினால், பருத்தியாடை அணிதலும் அறைக்குள் நுழையுமுன் மின்னூட்டத்தை நிலத்திற்குக் கடத்தும் உலோகத் தகட்டைத் தொடுதலும் ஏன் என்பது விளங்கும். அறிந்ததோடு பிணைக்கப்பட்ட செய்தி தனித்து நிற்கும் செய்தியைவிட நெடிது நிலைக்கும்.

அறிவொளி தரும் படிப்பினை

தமிழகத்தில் வயதுவந்தோர் கல்வி இயக்கமாக மலர்ந்தது 1990களின் அறிவொளிக் காலத்திலாகும். புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னெடுத்த அவ்வியக்கத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். மிதிவண்டி அவர்தம் அன்றாட வாழ்வில் பயன்பட்டது. பயன்பாடே பயிற்சியாகத் தொடர்ந்தது. எழுத்தோ, படிப்பதற்கும் எழுதுவதற்கும் வாய்ப்பு அமையாவிடத்து மங்கும். கற்றதை நாள்தோறும் பயன்படுத்தும் சூழலை அமைத்தலும் கற்பித்தலின் பகுதியே என்பதை இது உணர்த்துகிறது.

உத்திகளின் எல்லை

நினைவில் இருப்பது செயலாக வேண்டுமெனில் பணிச்சூழல் அதற்கு இடந்தர வேண்டும். ஓர் அறையில் நால்வர்க்கு மேல் பணியாற்றலாகாது என்னும் விதியைத் தொழிலாளி நன்கு நினைவில் வைத்திருக்கலாம்; ஐந்தாமவரை அமர்த்துவது அவர் அன்று. எண்ணிக்கை அடிப்படையிலான கூலி விரைவைத் தூண்டுகிறது. பண்டிகைக்கால நெருக்கடி அதனை மேலும் மிகுவிக்கிறது. உரிமம் பெற்றவரிடமிருந்து அறைகளைப் பிறர் உள்குத்தகைக்கு எடுக்கும் இடங்களில் பொறுப்பு யாருடையது என்பதே மங்கிவிடுகிறது. இவ்வாறான சூழலில் விபத்துக்குத் தொழிலாளியின் அறியாமையை மட்டும் காரணமாக்குவது, பயிற்சியைப் பொறுப்பு மாற்றும் கருவியாக்கிவிடும். எனவே போர்மேன், உரிமையாளர் ஆகியோரும் அதே பயிற்சியில் அதே வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியவர்களே.

முடிவுரை

பன்முகக் கற்போர்க்குத் தனித்தனிப் பாடத்திட்டம் வகுப்பதினும், எழுத்தைச் சாராத பொது உத்திகளைக் கையாள்வது நடைமுறைக்கு ஏற்றது. சிறு கூறுகளாக, இடைவெளி விட்டு, பணியிடத்தில், உண்மைப் பொருளைக் கொண்டு, காரணத்தோடு கற்பித்து, வினவிப் பெறுதல் வேண்டும். மதிப்பீடும் பயிற்சி நாளின் மாலையில் அன்றி ஒரு மாதம் கழித்து, செய்துகாட்டல் வழியாக நடைபெற வேண்டும். அவ்வாறு அளவிட்டால்தான், மறக்கப்பட்ட விதி எது, நினைவிருந்தும் பின்பற்ற இயலாத விதி எது எனப் பிரித்தறிய முடியும். முன்னதைச் சீர்செய்வது ஆசிரியரின் கடமை. பின்னதைச் சீர்செய்வது ஆலையின் கடமையும் அரசின் கடமையுமாகும்.