கையிருப்பும் பதுக்கலும்

தமிழில் கையிருப்பு என்று ஒரு சொல் உண்டு. பதுக்கல் என்று மற்றொரு சொல் உண்டு. மேற்போக்காகப் பார்த்தால் இரண்டும் ஒரே செயலைக் குறிப்பன போலத் தோன்றும். அரிசியையோ பருப்பையோ இன்றைய தேவைக்கு மேல் வாங்கி வீட்டினுள் வைப்பதுதானே இரண்டும்? ஆயினும் முதற்சொல்லைக் கேட்டவுடன் குடும்பம் நடத்தத் தெரிந்த ஒரு தாயின் முகம் நம் மனக்கண்முன் நிற்கிறது. இரண்டாம் சொல்லைக் கேட்டவுடன் பூட்டிய கிடங்கும் அதைச் சோதனையிட வரும் அதிகாரியும் நினைவுக்கு வருகின்றனர். 1955-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டம், வணிகர் இவ்வளவுதான் இருப்பு வைக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. வீட்டுக்குள் வைக்கும் இருப்பைப் பற்றியோ நாமேதான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஒரே அரிசி மூட்டை எப்போது கையிருப்பு, எப்போது பதுக்கல்? மாணவ நண்பர்களே, இந்த வினாவுக்கு விடை காண்பதற்கு முதலில் எங்கள் ஊர்ப் பழைய வீடு ஒன்றினுள் உங்களை அழைத்துச் செல்கிறேன்.

எங்கள் ஊர் தொட்டியம். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் உள்ளது. நெல் விளைத்த வீடுகளில் அந்நாளில் குதிர் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. குதிர் என்பது சுட்ட மண்ணாலோ வெயிலில் உலர்த்திய மண்ணாலோ செய்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைத்த உயரமான கொள்கலம். அதன் அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்துத் தரையின் ஈரம் ஏறாதபடி உயர்த்தியிருப்பர். நன்கு காய்ந்த நெல்லை மேல்வாய் வழியாகக் கொட்டி, மூடியைச் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசிவிடுவர். நெல் எடுப்பதற்கு அடிப்பக்கத்தில் சிறிய துளை ஒன்று இருக்கும். அதை அடைத்த துணியைப் பிடுங்கினால் வேண்டிய அளவு நெல் சரிந்து மரக்காலில் விழும்.

இந்தத் துளையைச் சற்று நின்று பாருங்கள். மேலே கொட்டுவது புது நெல். கீழே எடுப்பது பழைய நெல். யாரும் நினைவூட்டாமலே பழையது முதலில் செலவாகிவிடுகிறது. கௌடலியரின் அர்த்தசாத்திரம், சேமித்த பொருளில் பாதியை நாட்டு மக்களின் ஆபத்துக் காலத்துக்கென வைக்க வேண்டும் என்றும், புதியது வந்தபோது பழையதை மாற்றிவிட வேண்டும் என்றும் அரசனுக்கு விதிக்கிறது. அரசனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததை எங்கள் ஊர்க் குயவர் மண்ணிலேயே செய்து வைத்துவிட்டார்!

பூசி மூடுவதிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. நெல்லும் அதனுள் தப்பியிருக்கும் பூச்சிகளும் மூச்சு விடுகின்றன. காற்றுப் புகாத கலத்தில் உயிர்வளி குறைந்து கரியமில வாயு பெருகுகிறது. பூச்சிகள் பெருக முடியாமல் மடிகின்றன. இன்று காற்றுப் புகாத பைகளில் தானியம் காக்கும் முறையும் இதே கொள்கையைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் நெல் சரியாகக் காயாமலிருந்தால் எந்த மூடியும் பயன்படாது. நூற்றுக்குப் பதினான்கு பங்குக்கு மேல் ஈரம் இருக்குமாயின் பூஞ்சை பிடிக்கும், குவியல் சூடேறும். ஆகவேதான் கோரைப்பாயில் பரப்பிக் காலால் துழாவித் துழாவிக் காயவைத்தனர். ஒரு நெல்லைப் பல்லால் கடித்துப் பார்ப்பர். ‘கடுக்’ என்று முறிந்தால் குதிருக்குப் போகலாம். அரிசியாக வைக்காமல் நெல்லாக வைத்ததற்கும் காரணம் உண்டு. உமி என்பது இயற்கை தந்த உறை. அது நீங்கிய அரிசியைக் கூன்வண்டு எளிதில் துளைத்துவிடும். துவரைக்குச் செம்மண் கட்டுவதும், தானியத்தில் நொச்சியிலையும் வேப்பிலையும் இடுவதும் இவ்வகைக் காவல்களே. சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் இட்டு அடைமழைக்கு வைத்ததைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அதன் சுவையை நீங்கள் அறிவீர்கள்.

வீட்டுக்குக் குதிர் என்றால் ஊருக்கும் நாட்டுக்கும் களஞ்சியம். ஸ்ரீரங்கம் கோயிலுக்குச் செல்லும் மாணவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு, உள்ளே வட்ட வடிவில் உயர்ந்து நிற்கும் நெற்களஞ்சியங்களையும் பார்த்து வர வேண்டும். பாபநாசத்துக்கு அருகே திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று, 3,000 கலம் நெல் கொள்ளத்தக்கதாய், கூம்பிய முடியுடன் நிற்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவும் இவ்வழியில்தான் சென்றது. இந்திய உணவுக் கழகம் 1965 சனவரி 14-ஆம் நாள், அதாவது பொங்கலன்று, தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது.

இனி ஒரு மாறுதலைக் கூற வேண்டும். தொட்டியம் பகுதியில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வாழைத் தோட்டங்கள். வாழை நல்ல வருவாய் தரும் பயிர். அதைக் குறை கூற எனக்கு எண்ணமில்லை. ஆயினும் வாழைத்தாரைக் குதிரில் கொட்டி ஆறு மாதம் வைக்க முடியாது. வெட்டிய தார் சில நாள்களில் பழுத்தே தீரும். நெல் விளைத்த வீட்டில் விளைச்சலே இருப்பாக இருந்தது. வாழை விளைக்கும் வீட்டில் இருப்பு பணமாக இருக்கிறது. அந்தப் பணத்தை அரிசியாக மாற்றுவதற்குக் கடை திறந்திருக்க வேண்டும். கடைக்கு லாரி வர வேண்டும். லாரிக்குச் சாலை இருக்க வேண்டும். உழவர் குடும்பமே இப்படியாயின், மாதச் சம்பளக்காரர் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. நான் பணியில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், “மூன்று நாள் கடை இல்லை, மின்சாரம் இல்லை; உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வாருங்கள்” என்று வீட்டுப்பாடம் கொடுத்ததுண்டு. அரிசி ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் இருந்தது. நியாயவிலைக் கடை தந்த கொடை அது. குடிநீர் ஒரு நாளைக்கு மேல் இருந்த வீடுகள் மிகச் சிலவே. மின்விசை நின்றால் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறாது என்பதை அன்றுதான் பலர் எண்ணிப் பார்த்தனர்.

கடை மூடும் நாள் வருமா என்று கேட்கலாம். காவிரிக் கரையில் வாழ்வோர் அதைக் கேட்க வேண்டியதில்லை. 1924 சூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தை எங்கள் முன்னோர் ஒரு காலக்குறிப்பாகவே கொண்டிருந்தனர். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் ஆற்று வெள்ளம் ஓரளவு கட்டுக்குள் வந்தது. ஆனால் 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தருகே கரை கடந்த புயல் கொட்டிய மழையில் திருச்சி நகரமே நீரில் நின்றது. 2005-இல் மீண்டும் வெள்ளம். 2018 ஆகஸ்ட் 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகளில் ஒன்பது உடைந்து போயின. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களை நாள் கணக்கில் இருளில் ஆழ்த்தியது.

இவையெல்லாம் இயற்கை தந்த நெருக்கடிகள். அச்சம் தரும் நெருக்கடி வேறு வகையானது. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை வரலாற்று நூலில் படித்திருப்பீர்கள். சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. புயலும் பயிரை அழித்தது. இவற்றோடு போர்க்காலக் கொள்முதலும், விலை இன்னும் ஏறும் என்ற எண்ணத்தில் நெல்லை இறுக்கிப் பிடித்த வணிகரின் ஆசையும், நாளைக்குக் கிடைக்காது என்று வாங்கிக் குவித்தோரின் அச்சமும் சேர்ந்தன. அரிசி விலை கூலியாளின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இறந்தோர் ஏறத்தாழ 15 லட்சம் என்றது அரசு விசாரணைக் குழு. பின்வந்த ஆய்வாளர் 30 லட்சம் வரை கணக்கிட்டனர். உணவின் அளவு குறைந்ததைவிட, அதை வாங்கும் ஆற்றல் எளியோரிடம் இல்லாமற் போனதே பெருங்காரணம் என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நிலமற்ற கூலியாளும் மீனவரும் முதலில் மாண்டனர்.

அத்தகைய பெருந்துயரோடு ஒப்பிடத் தக்கதன்று எனினும், அதே அச்சத்தின் சிறு வடிவத்தை 2020 மார்ச் 24-ஆம் நாள் எங்கள் கடைவீதியில் கண்டேன். அன்றிரவு 8 மணிக்கு 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, மாலையிலேயே மளிகைக் கடை வாயிலில் இரு சக்கர வண்டிகளும் கார்களும் நெருங்கி நின்றன. வசதியுள்ள ஒருவர் பருப்பும் எண்ணெயுமாக ஆறு மாதத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். வாழைத் தோட்டத்துக் கூலி வேலை முடித்து வந்த ஓர் அம்மாள் அரைக் கிலோ துவரம் பருப்புக் கேட்டார். “தீந்துபோச்சும்மா, நாளைக்கு வந்து பாரு” என்றார் கடைக்காரர். மளிகைக் கடைகளுக்கு ஊரடங்கில் விலக்கு உண்டு என்று அறிவித்திருந்தும் இந்த நிலை!

இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். கடையில் 50 கிலோ பருப்பு இருக்கிறது. அதை நம்பி நூறு வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்கு அரைக் கிலோ என்றால் நூறு வீட்டிலும் குழம்பு கொதிக்கும். முதலில் வந்த பத்துப் பேர் ஐந்தைந்து கிலோ வாங்கிச் சென்றால் தொண்ணூறு வீட்டுக்கு ஒன்றுமில்லை. ஊரிலுள்ள பருப்பு ஒரு மணிகூடக் குறையவில்லை. பஞ்சம் மட்டும் வந்துவிட்டது. அதே பத்துப் பேர் தை மாதத்தில், கடை நிறைந்திருந்த காலத்தில், மாதம் ஒரு கிலோ கூடுதலாக வாங்கி வைத்திருந்தால், கடைக்காரர் அதற்கேற்ப வரவழைத்திருப்பார். மார்ச்சு மாதத்தில் அவர்கள் கடைப்பக்கமே வர வேண்டியிராது. அந்த அம்மாளுக்கு அவர் கேட்ட அரைக் கிலோ கிடைத்திருக்கும். நிறைந்த காலத்தில் அளவோடு வைப்பது கையிருப்பு. குறைந்த காலத்தில் அள்ளிக்கொள்வது பதுக்கல். காலமும் அளவுமே மூட்டைக்குப் பெயர் இடுகின்றன என்பது என் துணிபு.

எவ்வளவு வைக்கலாம்? முதலில் நீர். நிலநடுக்கத்துக்குப் பழகிய சப்பான் நாட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளுக்கு வைக்கச் சொல்கின்றனர். ஐவர் கொண்ட நம் குடும்பத்துக்கு இது 45 லிட்டர். நம் வழக்கில் சொன்னால் மூன்று குடம். குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே இது போதும். வெள்ளம் வடிந்தபின் கிணற்று நீரில் சாக்கடை கலந்திருக்கும். பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் நன்கு கொதித்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக் கண்டால், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தபடியே மருத்துவரிடம் செல்க. உப்பின் அளவைக் கூட்டலாகாது; குழந்தைக்குத் தீங்காகும்.

அரிசி ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் என்றால் ஐவருக்கு 2 கிலோ. இரண்டு வாரத்துக்கு 28 கிலோ. அதற்கேற்பப் பருப்பு, உப்பு, எண்ணெய், வெல்லம். அடுப்பு மூட்ட முடியாத நாளுக்கு அவலும் பொரிகடலையும். தீப்பெட்டியும் மெழுகுவத்தியும் மின்கல விளக்கும் இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மருந்து உண்போர் வீட்டில் பதினைந்து நாள் மருந்து எப்போதும் மிகுந்திருக்க வேண்டும்; அரிசியைவிட இதனை நான் முன்வைப்பேன். பெட்ரோல் முதலிய எரிபொருளை வீட்டில் சேர்த்தல் கூடவே கூடாது. ஆற்றங்கரை வீடுகளில் இவையனைத்தும் பரணில் இருக்க வேண்டும். வெள்ளம் புகுந்தால் முதலில் கரைவது தரையில் நிற்கும் மண்குதிரே. குடும்ப அட்டையும் பள்ளிச் சான்றிதழ்களும் நீர் புகாத உறையிலிட்டு, வெளியேறச் சொன்னவுடன் எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதைக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள்.

அன்றாடங் காய்ச்சியின் வீட்டில் 28 கிலோ அரிசிக்குப் பணம் ஏது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இதற்கும் நம் தாய்மார் ஒரு வழி வைத்திருந்தனர். உலையில் இடுவதற்கு முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவர். பிடியரிசி என்பது அதன் பெயர். ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டால், நாளைக்கு இருவேளையில் 80 கிராம். ஓராண்டில் 29 கிலோவுக்குச் சற்று மேல். ஐவருக்குப் பதினான்கு நாள் உணவு அது. நிரம்பிய பானையை அப்படியே வைத்தால் வண்டு விழும். ஆதலின் மாதந்தோறும் புதிய அரிசி வந்தவுடன் பானையில் உள்ளதைச் சமையலுக்கு எடுத்து, அதே அளவு புதியதை நிரப்ப வேண்டும்.

இருப்பைச் சரிபார்க்க எங்கள் பகுதிக்கு ஆண்டில் இரண்டு நாள் போதும். மேற்கே மழை பெய்து காவிரி பெருகுவது ஆடியில். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது ஐப்பசியில். ஆகவே ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிறும் புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிறும் பரணில் ஏறி, மருந்தின் காலாவதி நாளையும் விளக்கின் மின்கலத்தையும் பார்த்து, பழையதை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். பாட்டிக்குப் பரண் ஏற முடியாது. அந்த வேலை உங்களுடையது.