கல்லெழுத்தும் ஒளிப்படமும்

நுழையும்முன்

ஒரு கட்டடத்தை முழுமையாகக் காட்டும் படம் அதன் அழகைச் சொல்லும். அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் காட்டும் படம் அதன் வரலாற்றைச் சொல்லும். தஞ்சைப் பெரியகோவிலின் கல்லெழுத்துகள் 1858ஆம் ஆண்டிலேயே அவ்வாறு படம்பிடிக்கப்பட்டன. அம்முயற்சியையும் அது நமக்கு உணர்த்தும் கடமையையும் இப்பாடம் விளக்குகிறது.

மெழுகுத்தாளில் ஒரு கோவில்

சென்னைப் படைப்பிரிவில் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படம்பிடித்த அவர், தஞ்சைக்கும் வந்தார். 216 அடி உயர விமானத்தைப் படமெடுத்ததோடு அவர் மனநிறைவு அடையவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாக வெட்டப்பட்டிருந்த எழுத்துகளின்மீது அவர் கருத்துச் சென்றது.

ஒரே படத்தில் அடங்காத நீண்ட எழுத்துவரிசை அது. எனவே, சுவரையொட்டிக் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளில் ஒளியை உணரும் வெள்ளி உப்பைப் படியச்செய்து, அதனையே எதிர்ப்படிமமாகப் பயன்படுத்தும் முறை அவருடையது. ஒரு படத்திற்கே பல நிமிடங்கள் ஒளி தேவைப்பட்ட காலம் அது. இவ்வாறு எடுத்த 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டியபோது, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரு படச்சுருள் உருவாயிற்று.

அக்காலத்தில் அக்கோவிலை எழுப்பியவர் யார் என்பது அறிஞர்களுக்கே தெளிவாகவில்லை. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்ட ஹூல்ஷ் அவ்வெழுத்துகளை ஆராய்ந்தபோதுதான், முதலாம் இராசராசனே கோவிலை எழுப்பியவன் என்பது உறுதியாயிற்று. கோவிலுக்கு வழங்கிய பொன்னும் படிமங்களும் மட்டுமன்றி, 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு அவர்களுக்குரியது என்பதும் அங்கே பொறிக்கப்பட்டிருந்தன. அவை படித்து உணரப்படுவதற்கு முன்னரே படமாகிவிட்டன என்பது எண்ணத்தக்கது. இன்று பொருள் விளங்காத ஒன்றையும் நாளை விளங்கிக்கொள்வோருக்காகக் காத்துவைப்பதே ஆவணப்படுத்தலின் அடிப்படை.

மைப்படியும் படமும்

கல்வெட்டைப் படியெடுப்போர், ஈரத்தாளைக் கல்லின்மீது பரப்பி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் படியவைத்து, அதன்மேல் மை ஒற்றி எடுப்பர். இது மைப்படி எனப்படும். எழுத்தின் வடிவத்தை மைப்படி தெளிவாகத் தரும். ஆனால், அவ்வெழுத்து எந்தக் கல்லில், எந்தச் சிற்பத்தின்கீழ், எந்த வெடிப்பின் அருகே உள்ளது என்பதை ஒளிப்படமே காட்டும். கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. உளி பதித்த கோட்டையும் கல்லில் விழுந்த கீறலையும் வேறுபடுத்த இயலாவிடில், ஓர் எண்ணே மாறிவிடக்கூடும். ஆகவே, இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாவன.

இன்றைய முறை

எண்மக் கருவிகள் பெருகியுள்ள இன்றும் டிரைப் பின்பற்றிய நெறியே அடிப்படையாக உள்ளது. கருவியின் முகம் சுவருக்கு நேர் இணையாக இருத்தல் வேண்டும். சாய்ந்தால் எழுத்தின் அளவு திரியும். ஒரு படத்தின் இறுதிப்பகுதி அடுத்த படத்தின் தொடக்கத்திலும் இடம்பெற வேண்டும். அந்தப் பொதுப்பகுதியைக் கொண்டே கணினி படங்களை இணைக்கும். அளவுகோல் ஒன்றைச் சுவரருகே வைத்தால் எழுத்தின் உண்மை அளவு புலப்படும்.

இவற்றினும் இன்றியமையாதது ஒளி. நேர் எதிரே நின்று விழும் ஒளியில் கல்லின் பள்ளம் மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வோர் உளிக்கோட்டிலும் நிழல் தங்கும். தேய்ந்த எழுத்தும் அப்போது தலைகாட்டும். ஆதலின், சுவரின் திசையறிந்து அதற்குரிய பொழுதைத் தேர்ந்துகொள்வது படமெடுப்பவரின் முதற்கடமை.

காலம் தாழ்த்தலாகாது

1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் திரெவெல்யன், செலவு மிகுதி எனக் கருதி டிரைப்பின் பணியை நிறுத்தினார். படமாகாத கோவில்கள் பல எஞ்சி நின்றன. பிற்காலத்தில், சுவரைத் தூய்மை செய்வதாக எண்ணி அழுத்தத்துடன் மணலை வீசியதால், தமிழகக் கோவில்கள் சிலவற்றில் கல்லெழுத்துகள் தேய்ந்து அழிந்தன. சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளும் புதிய தளத்தின் கீழும் மறைந்தனவும் உண்டு. கல் நிலைத்திருக்கும் என்று நம்பியே முன்னோர் அதில் எழுதினர். கல்லும் தேயும் என்பதை நாம் கண்டுவிட்டோம்.

இன்று நம் கையிலுள்ள அலைபேசிக்கு மெழுகுத்தாளும் நீண்ட காத்திருப்பும் தேவையில்லை. கோவில் நிர்வாகத்தின் இசைவுடன், கல்லைத் தீண்டாமல், மாவோ சுண்ணமோ பூசாமல், உங்கள் ஊர்க் கோவிலின் ஒரு சுவரை முறையாகப் படம்பிடித்து, நாளும் இடமும் குறித்து வையுங்கள். அதில் உள்ளதை இன்று நீங்கள் படிக்க இயலாமற் போகலாம். படிக்க வல்லார் வரும்போது, அந்தச் சுவரில் எழுத்து எஞ்சியிராவிடினும், உங்கள் படத்தில் இருக்கும்.