தெருவோரத்து இடம் யாருக்கு?

என்னைப் போலவே தமிழகத்திலிருந்து வந்து, திருப்பதி காந்தி ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அன்று என்னிடம் வருந்தினார்: "தம்பி! கடைமுன் வண்டி நிறுத்தத் தடை வந்தால் என் பிழைப்பு என்னாவது?" சித்தூர்க் கடைவீதியிலும் இதே கவலைதான்.

கவலை நியாயமானதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். கடைமுன் ஒரு வண்டி 8 மணி நேரம் நகராமல் நின்றால், அவ்விடத்தால் வரும் வாடிக்கையாளர் ஒருவரே. அரைமணிக்கொரு வண்டி மாறினால் 16 பேர்! வேதியியலிலும் இப்படித்தான். வினையூக்கியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அகலாத பொருளை 'நஞ்சு' என்கிறோம். இடம் அடைபடுகிறது, வினை நின்றுவிடுகிறது.

1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லகாமா நகரில் முதல் நிறுத்தக் கட்டணக் கருவியை நட்டதும் இக்காரணத்தால்தான். வேலைக்கு வந்தவர்களின் கார்கள் நாள் முழுதும் நின்றதால், கடைக்கு வந்தவர்களுக்கு இடமில்லை. சென்னைப் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் திறந்தபோதும் வணிகர் கவலை இதுவே. அங்கு அருகிலேயே பல அடுக்கு நிறுத்தகமும் எழுந்தது.

ஆகவே வேண்டுவது முழுத்தடையன்று. நேர வரம்பும் மாற்றிடமுமே. இதைப் பெரியவரிடம் விளக்கினேன். சற்று யோசித்தவர் சிரித்துவிட்டார். காலை முதல் கடைமுன் நின்றிருந்தது அவருடைய கார்தான்!