தூக்குமேடையில் முடியாத கதை: ஆட்டோ சங்கர் வழக்கும் தொடர்கொலைப் புனைவின் இறுதிப் பகுதியும்

குற்றத்தொடர் ஒன்றின் இறுதிப் பகுதி, கொலையாளி யார், அவன் என்ன ஆனான் என்னும் இரு வினாக்களுக்கு விடை தந்து நிறைவுறுவது வழக்கம். 2019 ஏப்ரலில் ஜீ5 தளத்தில் அப்பானி சரத் நடிப்பில் வெளிவந்த ‘ஆட்டோ சங்கர்’ தொடருக்கு இவ்வாய்ப்பு இல்லை. முதல் வினாவின் விடை தலைப்பிலேயே உள்ளது. கௌரி சங்கர் என்னும் இயற்பெயருடைய அவர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்ட செய்தியையும் தமிழ்ப் பார்வையாளர் முன்பே அறிவர். முடிவு தெரிந்த கதைக்கு இறுதிப் பகுதி எதற்கு என்னும் வினா இங்கு எழுகிறது.

முடிவு தெரிந்திருப்பது தமிழ்க் கதைமரபுக்குப் புதிதன்று. குஜிலிக் கடைகளிலும் சந்தைகளிலும் மலிவு விலையில் விற்கப்பட்ட கொலைச்சிந்துகளை வாங்கியோர் நிகழ்ச்சியை அறிந்தவரே. அவர்கள் எதிர்பார்த்தது நிகழ்ச்சியின் மீதான ஊராரின் தீர்ப்பை. சிந்தின் இறுதி அடிகள் அதனைப் புலம்பலாகவோ எச்சரிக்கையாகவோ வழங்கின. கொலையுண்டவருக்கான இரங்கலும் அவற்றில் இடம்பெற்றது. இன்றைய தொடர்களில் அந்த இரங்கலுக்குரிய இடம் பெரிதும் சுருங்கிவிட்டது.

‘தொடர்கொலையாளி’ என்னும் வகைமைப் பெயர், அமெரிக்கக் குற்றப்புலனாய்வு வழக்கிலிருந்து 1970களுக்குப் பின் பரவியது. விளங்காத உள்வேட்கையால் உந்தப்படும் தனியன் ஒருவனை அது முன்னிறுத்துகிறது. தனியன் அகற்றப்பட்டால் கதையும் முடியும். திருவான்மியூர் வழக்கின் ஆவணம் இவ்வார்ப்பில் பொருந்துவதில்லை. கொல்லப்பட்ட அறுவருள் ஒருவரே பெண். ஏனைய ஐவரும் ஆண்கள். இளம்பெண்களையே குறிவைத்த கொலைகாரன் என்று பரவிய பொதுநினைவுக்கு இது மாறானது. கொலைகளின் பின்னணியில் இருந்தது சாராயமும் பாலியல் தொழிலும் சார்ந்த வணிகம். தொழிலைவிட்டு விலகியமை, வந்த இடத்தில் நிகழ்ந்த தகராறு போன்றவையே உடனடிக் காரணங்கள். சங்கருடன் உடன்பிறந்தார் உள்ளிட்ட கூட்டாளிகளும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991இல் விதித்த மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரலில் உறுதிசெய்தது.

அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பே இறுதிப் பகுதிச் சிக்கலை மேலும் தெளிவாக்குகிறது. செங்கல்பட்டுக் கிளைச்சிறையில் சங்கர் எழுதியதாகக் கூறப்பட்ட, ஏறத்தாழ 300 பக்கத் தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ இதழ் முனைந்தது. உயர் அதிகாரிகள் சிலருடனான தொடர்பை அந்நூல் விவரிப்பதாக மனுதாரர் கூறினர். அதனை அவர் எழுதவேயில்லை என்றது சிறைத்துறை. நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய இராஜகோபால் வழக்குத் தீர்ப்பு, அவதூறு நேருமென அஞ்சி வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை என்றது. நீதிமன்றப் பதிவு முதலிய பொது ஆவணங்களில் உள்ளவற்றை ஒப்புதலின்றியும் எழுதலாம். அதற்கு அப்பாற்பட்டு ஒருவரது வாழ்வை எழுதுவோர் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் வரையறுத்தது. இந்திய அந்தரங்க உரிமைச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளுள் ஒன்று, மரண தண்டனைக் கைதி ஒருவரின் கதையிலிருந்து தோன்றியது என்பது தனியே ஆராயத்தக்கது.

இத்தீர்ப்பு வகுத்த கோடு புனைவின் இறுதிப் பகுதிக்கும் பொருந்துகிறது. தூக்குமேடை வரையிலான பாதை ஆவணத்தில் உள்ளது. அவ்வணிகம் அத்தனை காலம் யாருடைய கண்முன்னே நடந்தது என்பது கோட்டுக்கு அப்பால் நிற்கிறது. சங்கரின் மரணத்தையே கதையின் முடிவாகக் கொள்ளும் தொடர், ஒரு கூட்டுத்தொழிலை ஒற்றை மனிதனின் இயல்பாகச் சுருக்கிவிடுகிறது. அந்த வினாவைத் திறந்துவிடும் தொடரோ ஆவணத்தின் துணையை இழக்கிறது; ‘கற்பனை’ என்னும் முன்னறிவிப்பின் நிழலில் ஒதுங்க வேண்டியதாகிறது. இவ்விரண்டிலும் கொல்லப்பட்ட அறுவரின் பெயர்கள் தலைப்பை எட்டுவதில்லை. கொன்றவரின் பெயரே, அவர் ஓட்டிய வண்டியின் அடைமொழியோடு, எஞ்சுகிறது.