நீர்க்கரைக்கு ஏற்ற தளம் எது?

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. தூண் போன்ற நான்கு கால்களையுடைய யானைக்கே அந்நிலை என்றால், ஈரக் காலோடும் இடுப்பில் குடத்தோடும் கொல்லைப்புறத்தில் நடக்கும் நம் வீட்டுப் பெண்களின் நிலை என்ன? அவர்களைத் தாங்குவதும் தள்ளுவதும் காலடியில் உள்ள தளமே. ஆனால் வீடு கட்டும்போது கூடத்துக்கும் பூசையறைக்கும் எந்தக் கல் என்று பல நாள் பேசுகிற நாம், கொல்லைப்புறத் தளத்தைக் கடைசி நாளில், மிஞ்சிய கல்லைக் கொண்டு முடித்துவிடுகிறோம்.

புதுச்சேரியிலும் சுற்றுப்புறங்களிலும் விருந்தினர் விடுதிகளிலும் சில வீடுகளிலும் நீச்சல் குளங்கள் தோன்றியுள்ளன. குளம் இல்லாத வீடுகளில் கிணற்றடி உண்டு. தண்ணீர்த் தொட்டி உண்டு. துவைக்கும் கல் உண்டு. இவை அனைத்துக்கும் கேள்வி ஒன்றுதான்: எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், வெறுங்காலோடு நடப்பவருக்கு, எந்தத் தளம் ஏற்றது? உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் தெரிவித்தது. மூத்தோருக்கே இதில் ஆபத்து மிகுதி. ஆகவே இது அழகைப் பற்றிய சிறு கேள்வி அன்று. பாட்டியின் இடுப்பெலும்பைப் பற்றிய கேள்வி.

ஈரம் வைக்கும் தேர்வு

நீர்க்கரைத் தளம் எழுத வேண்டிய தேர்வுகள் நான்கு. அவை ஈரம், வெயில், மருந்து, மண் என்பன. முதலில் ஈரத்தைக் காண்போம்.

உலர்ந்த தரையில் பாதமும் தரையும் நேரே தொடுகின்றன. ஆகவே உராய்வு மிகுதி. தரை ஈரமானதும் இரண்டுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் புகுந்துகொள்கிறது. சோப்பு நீரானால் அப்படலம் மேலும் வழுக்கும். மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தால் நீர் ஒதுங்க இடமில்லை. பாதம் நீரின் மேல் மிதந்து நழுவுகிறது. மேற்பரப்பில் சிறு மேடு பள்ளங்கள் இருந்தால் நீர் பள்ளங்களில் இறங்க, மேடுகள் பாதத்தைப் பற்றிக்கொள்கின்றன. அம்மி தேய்ந்து வழவழப்பானால் மிளகாய் அரைபடாது. அதனால்தான் உளியால் கொத்தி மீண்டும் சொரசொரப்பாக்குகிறோம். தளத்துக்கும் அதே விதிதான்.

செருமனியில் இதற்கென ஒரு சோதனை முறை வகுத்துள்ளனர். டி.ஐ.என். 51097 என்பது அதன் முந்தைய எண். சோப்பு நீர் ஓடும் சாய்வுப் பலகையில் ஒருவர் வெறுங்காலோடு நடப்பார். பலகையின் சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். 12 பாகை வரை தாங்கும் தளம் ‘ஏ’ வகுப்பு. 18 பாகை ‘பி’ வகுப்பு. 24 பாகை ‘சி’ வகுப்பு. நீச்சல் குளத்தைச் சுற்றிய நடைதளத்துக்குப் ‘பி’ வகுப்பும், நீருக்குள் இறங்கும் படிகளுக்குச் ‘சி’ வகுப்பும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நடைதளத்தைவிடப் படிக்கு மிகுந்த சொரசொரப்பு தேவை என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

பழங்காலத்தவரும் படிகளைப் பற்றிச் சிந்தித்தே கட்டினர். யோவான் நற்செய்தியில் பார்வையற்றவர் கண்களைக் கழுவச் சென்ற சீலோவாம் குளத்தை நாம் அறிவோம். 2004-ஆம் ஆண்டில் எருசலேமில் கழிவுநீர்க் குழாயைப் பழுது பார்த்தபோது அக்காலத்துக் குளத்தின் கற்படிகள் வெளிப்பட்டன. அவை ஐந்தைந்து படிகளாக, இடையிடையே நின்று இளைப்பாறத் தளம் விட்டு அமைந்திருந்தன. நம் ஊர்க் கோயில் குளங்களின் படிகளும் பளபளப்பு ஏற்றாத கருங்கல்லே.

வெயில் வைக்கும் தேர்வு

புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் உள்ளது. எனவே ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டுப் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. கத்திரி வெயிலில் வெப்பம் 40 பாகையைத் தொடும் நாட்களும் உண்டு. வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில் ஈஸ்டருக்குப் பின் வரும் பெருவிழாவுக்குக் காலணி கழற்றி நடந்தவர்களுக்கு, வெயிலில் கிடந்த தரை எப்படிச் சுடும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

கறுப்பு நிறம் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். வெளிர் நிறம் திருப்பி அனுப்பும். இது அனைவரும் அறிந்தது. இன்னொன்றும் உண்டு. ஒரே வெப்பநிலையில் உள்ள கல்லையும் மரத்தையும் தொட்டால் கல்லே மிகுதியாகச் சுடும். கல் தன் வெப்பத்தை விரைவாகப் பாதத்துக்குக் கடத்துவதே காரணம். ஆகவே திறந்தவெளியில் கல் பதிப்போர் வெளிர் நிறத்தைத் தேர்வதும், ஒரு பகுதிக்கேனும் நிழல் அமைப்பதும் நல்லது.

இடமறிந்து வைத்தால் கறுப்புக் கல்லும் நன்மை செய்யும். அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைக்க, அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கோல்கோண்ட் விடுதியில் கடப்பைக் கல் தரை உண்டு. வெயில் படாத உட்புறத்தில் அத்தரை குளிர்ச்சி தருகிறது. அதே கல்லைக் குளக்கரையில் வெட்டவெளியில் பதித்தால் மே மாதத்தில் கால் வைக்க இயலாது.

மருந்தும் உப்பும்

குளத்து நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்ந்த மருந்து இடுவர். நீரின் காரத்தன்மை கூடினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பதும் உண்டு. கடப்பை, கோட்டா, சகாபாத், தாண்டூர்க் கற்கள் யாவும் சுண்ணாம்புக் கல் இனம். அவற்றில் உள்ள கால்சியம் கார்பனேட்டை அமிலம் அரிக்கும். குமிழியிட்டுக் கரிவாயு வெளியேறும். சமையல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் மங்கிப்போவது இதே வினையால்தான். கருங்கல்லில் சிலிக்கா மிகுதியாதலால் இந்த அமிலம் அதை எளிதில் தொடாது.

உப்பு வேறு விதமாக வேலை செய்கிறது. நுண்துளைகள் நிறைந்த செங்கல்லும் சுட்ட மண் ஓடும் நீரோடு உப்பையும் உறிஞ்சுகின்றன. நீர் ஆவியானதும் உப்பு உள்ளேயே படிகமாகி வளர்கிறது. நாளடைவில் மேற்பரப்பு பொரிந்து உதிர்கிறது. உவர் நீர்க் கிணற்றடியில் செங்கல் மாவாக உதிர்வதை நம்மில் பலர் கண்டிருப்போம்.

பொருள்களை ஒப்பிடுவோம்

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகையின் மேல் வார்க்கப்படுவதால் வழவழப்பும் வண்ண அழகும் உடையது. அது கூடத்துக்கு அணி, நீர்க்கரைக்கு ஏற்றதன்று. தேய்த்து மெருகேற்றிய காவித் தரையும் மொசைக் தரையும் பளபளப்பு டைல்சும் ஈரத்தில் இதே குறை உடையவை. சொரசொரப்பான டைல்ஸ் தனியே கிடைக்கிறது. வாங்குவோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சுட்ட மண் ஓடு கால்களுக்கு இதமானது. ஆனால் நிழலில் பாசி பிடிக்கும், உப்பால் பொரியும். மரப்பலகை வெயிலில் கல்லைவிட இதமாக இருந்தாலும் நம் மழையும் கறையானும் அதை விடுவதில்லை. ஆண்டுதோறும் எண்ணெய் பூசிப் பேண வேண்டும்.

கருங்கல் உறுதியானது. எனினும் மெருகேற்றிய கருங்கல் ஈரத்தில் பனிக்கட்டி போல் வழுக்கும். கொத்திய கல் அல்லது தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லே வேண்டும். தீச்சுடர் படும்போது கல்லிலுள்ள படிகத் துகள்கள் விரிந்து வெடித்துத் தெறிக்க, மேற்பரப்பு கரடாகிறது. வெளிர் சாம்பல் நிறத்தில் இவ்வகைக் கல் குளக்கரைக்கு மிக ஏற்றது, செலவு கூடும்.

செலவு குறைய வேண்டுமானால் சாதாரண கான்கிரீட் போதும். அது இறுகத் தொடங்கும் வேளையில் துடைப்பத்தால் ஒரே திசையில் மெல்லக் கோடு இழுத்துவிட்டால் நல்ல பிடிப்புக் கிடைக்கும். நிறமும் வெளிர், மருந்தால் விரைவில் கெடாது. அமிலம் சிந்தினால் மட்டும் உடனே நீரூற்றிக் கழுவிவிட வேண்டும். கிணற்றடிக்கும் துவைகல் அடிக்கும் இதைவிட எளிய தளம் வேறில்லை எனலாம்.

கல்லுக்குக் கீழே

எத்தனை நல்ல கல்லானாலும் அடித்தளம் சரியில்லையேல் பயனில்லை. கோரிமேடு செம்மண் பூமி. கோடையில் இறுகிக் கிடக்கும் அம்மண்ணை மழைநீர் அரித்து ஓடை கிழித்துவிடும். புதிதாகக் கொட்டி நிரப்பிய மண் அடுத்த மழையில் அமுங்கும். ஆகவே நீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, ஜல்லி பரப்பிய பின்பே தளம் போட வேண்டும். செம்மண் காலில் ஒட்டி வந்து ஈரத் தளத்தில் படிந்தால் அதுவே வழுக்கும் சேறு. தளத்தைச் சுற்றி ஓர் அடி அகலம் கூழாங்கல்லோ புல்லோ அமைத்தால் மண் உள்ளே வராது.

அடுத்தது வாட்டம். பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலச் சரிவு இருந்தால் நீர் தேங்காமல் வடியும். குளக்கரையில் அச்சரிவு குளத்துக்கு எதிர்ப்புறமாக அமைய வேண்டும். இல்லையேல் தளத்து அழுக்கெல்லாம் குளத்துக்குள் போகும். நம் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் இங்கே மழை கொட்டியது. வடிகாலைச் சிக்கனம் செய்வோர் இதை நினைவில் கொள்க.

தளம் வெயிலில் விரியவும் இடம் வேண்டும். பத்தடி நீளக் கான்கிரீட் 30 பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீள்கிறது. இடைவெளி விடாவிட்டால் அது தனக்கு வேண்டிய இடத்தை விரிசலாக எடுத்துக்கொள்ளும்.

வாங்குமுன் ஒரு சோதனை

கடையில் நாம் கல்லைப் பார்ப்பது நிழலில், உலர்ந்த நிலையில், கண்ணால். வீட்டில் பழகப்போவதோ வெயிலில், ஈரத்தில், காலால். எனவே இரண்டு மூன்று மாதிரிக் கற்களைக் கேட்டு வாங்கி வாருங்கள். சமதரையில் வைத்துச் சோப்பு நீர் தெளித்து, சுவரையோ ஒருவர் கையையோ பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து உள்ளங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு விட்டு மறுநாள் காணுங்கள். நான்காவதாக, காய்ந்த கல்லின் மேல் ஒரு கரண்டி நீர் விட்டு, எவ்வளவு விரைவில் உறிஞ்சுகிறது என்று கவனியுங்கள். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை.

தளம் போட்டபின் பேணுதலும் கடமையே. பாசி படர்ந்தால் எந்தக் கல்லும் வழுக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடர் இடுவோர் அதனுடன் எக்காரணத்தாலும் அமிலம் கலக்கக் கூடாது. நச்சுடைய குளோரின் வாயு எழும்பி மூச்சைத் திணறடிக்கும். உயிருக்கே தீங்கு நேரலாம். குளம் உள்ள வீட்டில் சிறு பிள்ளைகள் தாமே திறக்க இயலாத கதவுடன் வேலியும் கட்டாயம் வேண்டும்.

அன்புத் தோழியரே! வீட்டில் கல் வாங்கும் பேச்சு நடக்கும்போது, பெரியவர்கள் பேசட்டும் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். கொல்லைப்புறத்தில் அதிகம் நடப்பவர் அம்மாவும் பாட்டியும் நாமும்தானே. பௌதிக வகுப்பில் படித்த உராய்வும், வேதியியல் வகுப்பில் படித்த அமிலமும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாகாது. அடுத்த முறை அப்பா மாதிரிக் கல்லைக் கொண்டுவந்து காட்டும்போது, “அழகாயிருக்கிறது” என்று சொல்லுமுன் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வாருங்கள்.