முதலில் கேம், பிறகு விண்டோஸ், கடைசியில் ரேம்

கம்ப்யூட்டரில் கேம் திணறினால் எல்லோர் வாயிலும் முதலில் வரும் மருந்து ரேம்தான். 'இன்னொரு 8 ஜிபி போடு, பறக்கும்' என்று நண்பரும் சொல்வார், கடைக்காரரும் சொல்வார். பல சமயம் அது பலிக்கவும் செய்யும். ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்ட பிறகு, ரேமுக்கு முன்னால் வேறொரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் இனி எந்த இயங்குதளம் ஓடப்போகிறது? அதைத் தீர்மானிப்பது நம் விருப்பமோ கொள்கையோ அல்ல, நாம் விளையாடும் கேம். கேம் எது என்று தெரிந்தால் இயங்குதளம் தெரியும். இயங்குதளம் தெரிந்தால் மதர்போர்டு தங்குமா போகுமா என்று தெரியும். அதற்குப் பிறகுதான் எந்த ரேம், எவ்வளவு என்ற பேச்சே வரும். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு செலவு செய்கிறார்கள்.

ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டே பார்க்கலாம். 2017-இல் வந்த இன்டெல் கோர் ஐ7-7700, பி250 ரக மதர்போர்டு, ஒற்றைக் குச்சியாக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. இன்றும் நிறைய வீடுகளில் நன்றாகவே உழைத்துக்கொண்டிருக்கும் ரகம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு ஏற்பாடுகளோடு அங்கீகரிக்கப்பட்ட பிராசஸரும் வேண்டும். இன்டெலில் ஓரிரு விதிவிலக்குகள் போக அந்தப் பட்டியல் 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. நம் ஐ7 ஒரே ஒரு தலைமுறையில் தவறிப்போகிறது. பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை: 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 என்றுதான் இருக்கிறது, ஆனால் பழைய போர்டு அதை ஏற்காது. எனவே முறைப்படி விண்டோஸ் 11 வேண்டுமென்றால் பிராசஸரும் போர்டும் சேர்ந்தே மாற வேண்டும். புதிதாக வாங்கும் போர்டு ஏஎம்டியின் ஏஎம்5 என்றால் அதில் டிடிஆர்5 மட்டும்தான். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்களே என்றாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. நேற்று ஆசையாக வாங்கிய டிடிஆர்4 குச்சி அப்போது மேஜை டிராயருக்குப் போய்விடும்.

இந்த மாற்றம் உண்மையிலேயே தேவையா என்பதைத்தான் கேம் சொல்ல வேண்டும். வேலரன்ட் ஆடுபவருக்கு வேன்கார்ட் என்ற காவலாளியைத் தெரிந்திருக்கும். ஏமாற்று மென்பொருளைப் பிடிப்பதற்காக இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே உட்கார்ந்து, கம்ப்யூட்டர் எழும்போதே தானும் எழுந்துகொள்ளும் நிரல் அது. விண்டோஸ் 11-இல் ஓடும்போது டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் இயங்க வேண்டும் என்று கேட்கும். லினக்ஸில் வேலையே செய்யாது. 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-உம் செக்யூர் பூட் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. ஃபோர்ட்நைட்டுக்கும் லினக்ஸில் இடமில்லை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஒரு காலத்தில் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024-இல் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். இவற்றில் ஏதாவது ஒன்று அன்றாட ஆட்டம் என்றால் விண்டோஸைத் தவிர வேறு வழி இல்லை.

தனியாக ஆடும் கேம்களின் நிலைமை நேர்மாறு. வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான், விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம்களை லினக்ஸில் ஓட வைக்கிறது. 2022-இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் இருப்பதே லினக்ஸ்தான். சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் போன்ற பெரிய கேம்கள் அதில் ஓடுகின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸுக்கென்றே பதிப்பு உண்டு. எனவே ஏமாற்றுத் தடுப்பு கெடுபிடி இல்லாத கேம்களை ஆடுபவர், நம் ஐ7-7700-இல் லினக்ஸை நிறுவிவிட்டால் போர்டுக்கும் பிராசஸருக்கும் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். லினக்ஸ் பிரியர்கள் இதோடு நிற்க மாட்டார்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களில் முக்கியமான இரண்டு 2021-இலேயே புரோட்டானுக்கு இணங்கிவிட்டன, கேம் நிறுவனங்கள் மனது வைத்தால் போதும் என்பார்கள். சரிதான். ஆனால் அந்த மனது எல்லா நிறுவனங்களுக்கும் இன்னும் வரவில்லை. இன்று மாலை ஆட வேண்டியவர் அதை நம்பி பணம் போட முடியாது. கூடவே ஒன்று: ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர் பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் கூடவே வந்துவிடுகிறது. என்விடியா கார்டு வைத்திருப்பவர் டிரைவரைத் தானாகவே நிறுவித்தரும் வகையாகப் பார்த்து எடுப்பது நல்லது.

'விண்டோஸ் 10 இன்றைக்கும் ஓடத்தானே செய்கிறது, எதற்கு இத்தனை கலவரம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. ஸ்டீம் அதைக் கைவிட்டதோ 2024 ஜனவரியில்தான். நான்கு வருடம் ஓடியது. கேம்கள் நாளைக்கே நின்றுவிடாது என்பதற்கு இது போதிய சாட்சி. பாதுகாப்பு அப்டேட்டுகளையும் வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பெறலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் இது தவணைதானே தவிர தீர்வு அல்ல. கேம் ஆடும் அதே கம்ப்யூட்டரில்தான் வங்கிக் கணக்கும் ஸ்டீம் கணக்கும் திறக்கப்படுகின்றன. தகுதியில்லாத கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றும் வித்தையும் பலருக்குத் தெரியும். ஓடும், ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் முன்பே கைகழுவிவிட்டது. கொஞ்ச காலம் ஓட்டுவதற்கு அது போதும். அதை நம்பி 32 ஜிபி ரேம் வாங்குவதுதான் கூடாது.

இப்போது ரேமுக்கு வரலாம். அதிக ரேம் போட்டால் கேம் வேகமாக ஓடும் என்பது பாதி உண்மை. ரேம் போதாமல் இருந்தால் கேம் திணறும். போதுமான அளவு வந்துவிட்டால் அதற்கு மேல் போடுவது சும்மா கிடக்கும். வினாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்தைத் தயாரிக்கக் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. ரேமில் இருக்கும் தகவல் ஒரு மில்லி வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கைக்கு வந்துவிடும். ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் அதைப் பழைய ஹார்டு டிஸ்குக்குத் தள்ளியிருந்தால், ஒரே ஒரு முறை போய் எடுத்துவரவே 10 மில்லி வினாடி ஆகலாம். பாதிக்கு மேற்பட்ட நேரம் அதிலேயே கரைந்துவிடுகிறது. எஸ்எஸ்டியில் இந்த வலி குறையும், முழுதும் போகாது. சராசரி வேகம் 70 என்று திரையில் காட்டும்போதே, திருப்பத்தில் காரைத் திருப்பும் அந்தக் கணத்தில் படம் வெட்டி வெட்டிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கேம் அரை மணி நேரம் ஓடிய பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் 'கமிட்டெட்' என்று சாய்கோடு போட்ட இரண்டு எண்கள் தெரியும். 8 ஜிபி கம்ப்யூட்டரில் முதல் எண் 13, 14 என்று நின்றால் ரேம் போதவில்லை என்று நம்பலாம். 6-இல் நின்றால் குற்றவாளி வேறு; அநேகமாக கிராபிக்ஸ் கார்டு. அதே பக்கத்தில் ரேமின் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் குச்சி இருக்கிறது என்பதும் எழுதியிருக்கும்.

கேம் நிறுவனங்கள் கேட்கும் அளவும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. சைபர்பங்க் 2077-இன் 2.0 பதிப்புக்குக் குறைந்தபட்சம் 12 ஜிபி. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024-க்குக் குறைந்தபட்சம் 16, பரிந்துரை 32. ஆக 8-இலிருந்து 16-க்குப் போவது இன்று கண்ணுக்குத் தெரியும் மாற்றம். 16-இலிருந்து 32 என்பது சில கேம்களுக்கு மட்டுமே.

நம் ஐ7-7700-இல் இன்னொரு கணக்கும் உண்டு. ஒற்றைக் குச்சி என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே ஒரு பாதைதான் திறந்திருக்கும். 2400 வேகத்தில் அது வினாடிக்கு 19.2 ஜிபி. இரண்டாவது குச்சி போட்டால் இரண்டு பாதை, 38.4 ஜிபி. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலும் ஜோடி. அடுத்தடுத்த ஸ்லாட்டில் செருகிவிட்டு இரண்டாவது பாதை திறக்கவில்லையே என்று தேடுபவர்கள் நிறைய. பி250 போர்டு 2400-க்கு மேல் ரேமை ஓட விடாது. 3200 என்று அச்சிட்ட குச்சி வாங்கினாலும் 2400-இல்தான் ஓடும், கூடுதல் விலை வீண். புது போர்டுகளில் இதற்கு நேர்மாறான வேடிக்கை நடக்கிறது: 6000 வேக டிடிஆர்5 வாங்கிப் பொருத்திவிட்டு, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க மறந்து, 4800-இலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

'எப்படியும் வாங்கப்போகிறோம், எதிர்காலத்துக்கும் சேர்த்து 32 ஆகவே வாங்கிவிடலாமே' என்பது வலுவான வாதமாகத்தான் தோன்றும். ரேம் மலிவாக இருந்த காலத்தில் அதில் பெரிய தவறும் இல்லை. 2025-இன் பிற்பகுதியில் நிலைமை மாறியது. செயற்கை நுண்ணறிவு தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, விலை தாறுமாறாக ஏறியது. உலகின் மூன்று பெரிய மெமரி நிறுவனங்களில் ஒன்றான மைக்ரான், வீட்டு வாடிக்கையாளர்களுக்கான தன் குரூஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சூழலில், அடுத்த போர்டில் பொருந்துமா என்றே தெரியாத ரேமில் எதிர்காலத்தைச் சேமிப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. பழைய குச்சி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ரேமில் அசையும் பாகம் இல்லை, எளிதில் தேயாது. மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

ஆக, ஒரே கம்ப்யூட்டர்தான் என்றாலும் ஆளுக்கு ஆள் விடை வேறு. தனியாக ஆடும் கேம்களே போதும் என்பவருக்கு லினக்ஸும் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 குச்சியும். வேலரன்ட் ஆடுபவருக்கு ரேம் பிரச்சினையே அல்ல, அந்த கேம் கேட்பது குறைந்தபட்சம் 4 ஜிபிதான். அவர் பணத்தைச் சேர்த்துவைத்து, டிடிஆர்4 ஏற்கும் ஏஎம்4 போர்டும் ரைசன் 5 5600-உம் வாங்கினால் கையிலுள்ள குச்சியும் கூடவே வரும், விண்டோஸ் 11-உம் முறைப்படி ஏறும். ஃபிளைட் சிமுலேட்டரில் ஊர் ஊராகப் பறக்க ஆசைப்படுபவர் பழைய போர்டில் ஒரு ரூபாயும் போடாமல் டிடிஆர்5-க்குக் காத்திருக்கட்டும். அப்போதும் நான்கு 8 ஜிபி குச்சிகள் வேண்டாம், இரண்டு 16 ஜிபி குச்சிகளாகவே வாங்கட்டும்; நான்கையும் நிரப்பினால் பெரும்பாலான டிடிஆர்5 போர்டுகள் வேகத்தைக் குறைத்துவிடும்.